காவல் முடிச்சைத் தேடி

தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் நின்றால், மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் இடம் கண்முன்னே விரியும். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. ஆட்களை ஏற்றிக்கொண்டு படகுகள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். கரையோரக் கடைகளிலிருந்து நெத்திலி, கருவாடு, பெலாச்சான் ஆகியவற்றின் மணம் காற்றோடு வரும். ஆற்றின் மேற்பகுதியில் கண்டல் காடு அடர்ந்திருக்கிறது. கடல் வற்றும் வேளையில், அக்காட்டுக்குள்ளிருந்து பல சிற்றோடைகள் நீரை வடித்து வந்து ஆற்றில் சேர்க்கின்றன. எந்த ஓடை எங்கே தொடங்கி எவ்வழியாக வருகிறது என்பதைக் கரையில் நின்று சொல்ல முடியாது. அதை அறிய ஒரு வழி உண்டு. காட்டுக்குள் ஓரிடத்தில் சாயத்தைக் கரைத்துவிட்டு, அது முதலில் எந்த ஓடையில் தென்படுகிறது என்று காத்திருந்து பார்க்கலாம்.

நம் உடலுக்குள்ளும் இத்தகைய வடிகால் ஒன்று இருக்கிறது. அதன் பாதையைக் கண்டறிய மருத்துவர்கள் கையாளும் வழியும் ஏறத்தாழ இதுதான். அவர்கள் உடலில் செலுத்தும் ‘சாயம்’ எத்தகையது, அதை எப்படித் தயாரிக்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரத்த நுண்குழாய்களிலிருந்து நீர்மம் ஓயாமல் கசிந்து திசுக்களை நனைக்கிறது. அதனைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கும் குழாய்த் தொகுதியே நிணநீர் மண்டலம். இக்குழாய்களின் வழியில் ஆங்காங்கே அவரை விதை வடிவில் சிறுசிறு முடிச்சுகள் உள்ளன. மனித உடலில் இவை சுமார் 600 இருக்கும். அக்குளில் மட்டும் 20 முதல் 30 வரை இருக்கலாம். நிணநீரில் அடித்து வரப்படும் கிருமிகளையும் கழிவுகளையும் இம்முடிச்சுகளில் உள்ள விழுங்கணுக்கள் பிடித்து அழிக்கின்றன. தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று வீட்டுப் பெரியவர்கள் தடவிப் பார்த்துச் சொல்வார்கள் அல்லவா? அந்த நெறி என்பது, வேலை மிகுதியால் வீங்கிய நிணநீர் முடிச்சே. அறிவியல் பெயர் வருவதற்கு முன்பே நம் பாட்டிமார்களின் விரல்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

கிருமிகள் வரும் அதே வழியில் புற்றுநோய் அணுக்களும் வரக்கூடும். மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளை நோக்கியே வடிகிறது. ஆகவே நோய் மார்பகத்தை விட்டு வெளியேறியிருந்தால், அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் அக்குள் முடிச்சுகளில்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அக்குள் முடிச்சுகளையும் அகற்றிவிடுவார்கள். எந்த முடிச்சில் நோய் இருக்கிறது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் எடுத்துவிடுவது பாதுகாப்பானதாகத் தோன்றியது. மார்பகத்தை முழுமையாக அகற்றும் வழக்கம் பின்னாளில் குறைந்த பிறகும், அக்குளைத் துப்புரவாக்கும் வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது.

ஆனால், வடிகாலை வெட்டி எடுத்தால் நீர் எங்கே போகும்? கை வீங்கும். அக்குள் முடிச்சுகள் முழுவதும் அகற்றப்பட்ட பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நிணநீர் வீக்கம் ஏற்படுகிறது. சிலருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் வரும். சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வரும். வந்தால் பெரும்பாலும் முற்றாகப் போகாது. யானைக்கால் நோயில் புழுக்கள் நிணநீர்ப் பாதையைக் கெடுப்பதால் கால் வீங்குகிறது. இங்கே பாதையே அகற்றப்பட்டுவிட்டதால் கை வீங்குகிறது.

தஞ்சோங் டாவாயில் அவித்த நெத்திலியைப் பரப்பி, வெயிலில் கிளறிக் காயவைக்கும் ஒரு பெண்மணியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அல்லது உள்நாட்டுத் தோட்டமொன்றில் விடியற்காலையில் பால்மரம் வெட்டும் ஒரு தாயை எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் கைதான் சம்பளம். உளி பிடிக்கும் கை கனத்துப்போனால், புற்றுநோயிலிருந்து பிழைத்த பிறகும் குடும்பத்தின் வருவாய் நின்றுவிடும். உப்பும் மீன் முள்ளும் படும் கையில் சிறு கீறல் விழுந்தாலும், வடிகால் இல்லாத கையில் அது எளிதில் தொற்றாக மாறும். ஆகவே, ‘இந்த முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுக்கத்தான் வேண்டுமா?’ என்பது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் பராகுவே நாட்டைச் சேர்ந்த ராமோன் கபானாஸ் முக்கியமானவர். உடலின் ஒரு பகுதியிலிருந்து வடியும் நிணநீர் எல்லா முடிச்சுகளுக்கும் ஒரே நேரத்தில் போவதில்லை. முதலில் ஒன்றிரண்டு முடிச்சுகளையே அடைகிறது என்று 1977இல் அவர் எடுத்துக்காட்டினார். கோட்டை வாயிலில் நிற்கும் காவலரைப் போன்ற அந்த முதல் முடிச்சைக் காவல் முடிச்சு எனலாம். காவலரைத் தாண்டாமல் பகைவர் உள்ளே நுழைய முடியாது. காவல் முடிச்சில் நோய் இல்லையென்றால், அதற்கு அப்பால் உள்ள முடிச்சுகளிலும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். 1992இல் டொனால்டு மோர்ட்டன் தோல் புற்றுநோயில் நீலச் சாயத்தைக் கொண்டு இம்முடிச்சைக் கண்டுபிடித்தார். 1993இல் டேவிட் க்ராக் மார்பகப் புற்றுநோயில் கதிரியக்கப் பொருளைக் கொண்டு கண்டுபிடித்தார். பின்னர் 5611 பெண்கள் பங்கேற்ற பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. காவல் முடிச்சில் நோய் இல்லாத பெண்களில், எல்லா முடிச்சுகளையும் எடுத்தவர்களும் காவல் முடிச்சை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் உயிர்வாழ்ந்தனர் என்பதை அம்முடிவுகள் காட்டின. காவல் முடிச்சை மட்டும் எடுத்தால் கைவீக்கம் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கே வருகிறது.

எனவே, கேள்வி இப்போது மாறிவிட்டது. இருபது முப்பது முடிச்சுகளுக்கு நடுவே, கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் அந்த ஒரு முடிச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு உதவும் பொருளைத் தடங்காட்டி என்று அழைப்போம்.

மிக எளிய தடங்காட்டி நீலச் சாயம். மார்பகத்தில் செலுத்தினால் சில நிமிடங்களில் நிணநீர்க் குழாய் வழியே ஊர்ந்து சென்று காவல் முடிச்சை நீலமாக்கிவிடும். விலை குறைவு, பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால், தோலை வெட்டித் திறந்த பிறகுதான் நீலம் கண்ணுக்குத் தெரியும். எங்கே வெட்டுவது என்பதை அது முன்கூட்டியே சொல்லாது. நேரம் கடந்தால் சாயம் அடுத்த முடிச்சுகளுக்கும் ஓடிவிடும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகலாம். நோயாளியின் சிறுநீர் ஓரிரு நாள் பச்சையாகப் போவதும் உண்டு. அதை முன்பே சொல்லி வைக்காவிட்டால் பாவம், பயந்துபோவார்.

தோலைத் திறப்பதற்கு முன்பே முடிச்சு இருக்கும் இடத்தை அறிய வேண்டுமானால், உடலைத் துளைத்து வெளியே வரும் சைகை ஒன்று தேவை. காமா கதிர் அத்தகையது. இதற்கு மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படும் தனிமம் டெக்னீசியம்-99எம். டெக்னீசியம் 1937இல் இத்தாலியில் கார்லோ பெரியர், எமிலியோ செக்ரே ஆகிய இருவரால் கண்டறியப்பட்டது. மனிதன் செயற்கையாக உருவாக்கிய முதல் தனிமம் இதுவே. டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது, காலை 8 மணிக்கு 400 பங்கு கதிரியக்கம் இருந்தால் பிற்பகல் 2 மணிக்கு 200 பங்கும் இரவு 8 மணிக்கு 100 பங்கும் இருக்கும். நோயாளியின் உடலில் நெடுநாள் தங்காது என்பது இதன் நன்மை. ஆனால், கடையில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது என்பது இதன் தொல்லை.

இத்தொல்லைக்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வழி கண்டார்கள். மாலிப்டினம்-99 என்னும் தனிமம் சிதைந்துதான் டெக்னீசியம் உண்டாகிறது. மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். ஆகவே, தாய்த் தனிமமான மாலிப்டினத்தை ஈயத்தால் சூழப்பட்ட ஒரு சிறு குழாய்க்குள், அலுமினியம் ஆக்சைடுத் துகள்களில் ஒட்டவைத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். காலையில் அக்குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தினால், புதிதாகப் பிறந்த டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும். மாலிப்டினம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் காலைக்குள் மீண்டும் போதிய டெக்னீசியம் ஊறிவிடும். மேல்நாட்டார் இதைப் ‘பால் கறத்தல்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ மாட்டைவிடப் பால்மரமே பொருத்தமான உவமையாகப் படுகிறது. இரண்டும் விடியற்காலை வேலைகள். இரண்டிலும் நேற்று எடுத்தது போக இன்று ஊறியதைத்தான் எடுக்க முடியும். ஒரு வேறுபாடு உண்டு. மரம் பல ஆண்டு பால் தரும். டெக்னீசியம் தரும் இக்கலனில் ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மாலிப்டினமே மிஞ்சும். பிறகு புதிய கலன் வரவேண்டும்.

இப்படிக் கிடைக்கும் டெக்னீசியத்தை அப்படியே ஊசியில் செலுத்தினால் அது இரத்தத்தில் கலந்து தைராய்டுச் சுரப்பிக்கும் வயிற்றுக்கும் போய்விடும். நிணநீர் முடிச்சுக்குப் போகவேண்டுமென்றால் அதை ஒரு வாகனத்தில் ஏற்றவேண்டும். அந்த வாகனம் ஒரு கூழ்மத்தின் துகள்.

கூழ்மம் என்றால் என்ன என்பதைக் கெடா தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மங்கில் சேரும் வெண்ணிறப் பாலே ஒரு கூழ்மம்தான். நீரில் இரப்பர்த் துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அவ்வுறைக்கு எதிர்மின் ஏற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கின்றன. பால் கெடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். அமிலம் பட்டதும் மின்னேற்றம் குலைந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் கட்டியாகிவிடும். ஆலையில் கட்டியானால்தான் இரப்பர். மருத்துவமனையில் கட்டியானால் மருந்து வீண்.

தடங்காட்டித் துகள்களின் பருமன் முக்கியமானது. நானோ மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. துகள் சில நானோ மீட்டரே இருந்தால் இரத்த நுண்குழாய்க்குள் நழுவிவிடும்; அல்லது காவல் முடிச்சில் நிற்காமல் அடுத்தடுத்த முடிச்சுகளுக்கு ஓடிவிடும். சில நூறு நானோ மீட்டருக்கு மேல் போனால் ஊசி போட்ட இடத்திலேயே கிடந்துவிடும். 10 முதல் 100 நானோ மீட்டர் வரை உள்ள துகள்களே பெரும்பாலும் நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, காவல் முடிச்சின் விழுங்கணுக்களிடம் பிடிபடுகின்றன. வலையின் கண் அளவை வைத்து நெத்திலியையும் பெரிய மீனையும் பிரிப்பது போலத்தான் இதுவும்.

நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கும் கந்தகக் கூழ்மம் எப்படித் தயாராகிறது என்பதைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் அமிலத்தைச் சேர்த்து, தாளில் வரைந்த பெருக்கல் குறி எத்தனை வினாடியில் மறைகிறது என்று அளக்கும் சோதனையை மேல்படிவ வேதியியல் மாணவர்கள் செய்திருப்பார்கள். குறியை மறைப்பது, கரைசலில் உருவாகும் நுண்ணிய கந்தகத் துகள்கள். அதே வேதிவினைதான் இங்கும். கிருமி நீக்கிய குப்பியில் தயோசல்பேட்டோடு டெக்னீசியத்தையும் அமிலத்தையும் சேர்த்து, கொதிநீரில் சில நிமிடங்கள் வைக்கிறார்கள். கந்தகத் துகள் உருவாகும்போதே டெக்னீசியமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. குப்பியில் ஜெலட்டினும் இருக்கும். இரப்பர்த் துகளுக்குப் புரத உறை செய்யும் வேலையைக் கந்தகத் துகளுக்கு ஜெலட்டின் செய்கிறது, கட்டியாகாமல் காக்கிறது. பின்பு குளிரவைத்து, அமிலத் தன்மையைச் சரிசெய்து, மிக நுண்ணிய வடிகட்டியின் வழியே செலுத்திப் பெரிய துகள்களை நீக்குகிறார்கள். இவ்வளவும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நடக்கும். செய்பவரின் விரலில் கதிரியக்கத்தை அளக்கும் சிறு மோதிரம் இருக்கும்.

தயாரித்தவுடன் ஊசியில் ஏற்றிவிடமாட்டார்கள். ஒரு சொட்டை நிறப்பிரிகைத் தாளில் வைத்துச் சோதிப்பார்கள். கூழ்மத்தோடு ஒட்டிய டெக்னீசியம் வைத்த இடத்திலேயே நிற்கும். ஒட்டாதது திரவத்தோடு தாளில் மேலேறிவிடும். ஒட்டாதது மிகுதியாக இருந்தால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக்கூடாது. அதைச் செலுத்தினால் படத்தில் முடிச்சு மங்கலாகவும், வேண்டாத உறுப்புகள் பளிச்சென்றும் தெரியும்.

துகளின் பருமனை மட்டும் நம்பாமல், விழுங்கணுவின் பூட்டுக்கேற்ற சாவியைச் செய்தவர்களும் உண்டு. விழுங்கணுவின் மேற்பரப்பில் மானோஸ் என்னும் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் வேராவும் அவருடைய குழுவினரும் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைத் தொடரில் மானோஸைக் கோத்து, டெக்னீசியத்தைத் தாங்கும் கொக்கிகளையும் பொருத்தினார்கள். டில்மனோசெப்ட் எனப்படும் இப்பொருள் சுமார் 7 நானோ மீட்டரே இருக்கும். சிறியதாக இருப்பதால் விரைவாக முடிச்சை அடைகிறது. சாவி பூட்டில் மாட்டிக்கொள்வதால் அங்கேயே தங்கிவிடுகிறது. 2013இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

காமா கதிருக்கும் ஒரு குறை உண்டு. அது உடலைத் துளைத்து வரும்; ஆனால், கண்ணுக்குத் தெரியாது. அறுவைச் சிகிச்சை நிபுணர் பேனா போன்ற கருவியை அக்குளில் நகர்த்தி, அது எழுப்பும் ஒலியைக் கேட்டுத்தான் முடிச்சை நெருங்குகிறார். ஊசி போட்ட இடம் அருகில் இருந்தால், அங்கிருந்து வரும் கதிர் முடிச்சின் ஒலியை அமுக்கிவிடும். இங்குதான் ஒளிரும் சாயத்தின் உதவி தேவைப்படுகிறது. இண்டோசயனின் பச்சை என்னும் சாயம் கோடாக் நிறுவனத்தாரால் நிழற்படத் தொழிலுக்காக உருவாக்கப்பட்டு, 1950களில் மருத்துவத்துக்கு வந்தது. அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் அது ஒளிரும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், அதற்கென அமைந்த படக்கருவி திரையில் முடிச்சை விளக்குப் போலக் காட்டும். இவ்வொளி ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் தடிப்புள்ள திசுவைத்தான் கடக்கும். அதற்குக் கீழே இருந்தால் தெரியாது.

ஒன்று ஆழத்தைக் காட்டுகிறது. மற்றொன்று துல்லியத்தைக் காட்டுகிறது. இரண்டையும் தனித்தனியே செலுத்தினால் என்ன? செலுத்தலாம், பல மருத்துவமனைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடும். பச்சைச் சாயம் தனியே போனால் மிக விரைவாகக் காவல் முடிச்சைக் கடந்து அப்பால் போய்விடும். காலையில் படத்தில் பார்த்த முடிச்சு ஒன்றாகவும், பிற்பகலில் ஒளிரும் முடிச்சுகள் பலவாகவும் இருந்தால் எதை எடுப்பது? நெதர்லாந்துப் புற்றுநோய் மருத்துவமனையில் ஃபைஸ் வான் லேயுவனின் குழுவினர் இதற்கு எளிய தீர்வு கண்டனர். டெக்னீசியம் ஏற்றிய ஆல்புமின் நானோ கூழ்மத்தில் சிறிதளவு பச்சைச் சாயத்தைக் கலந்தார்கள். அச்சாயத்துக்கு ஆல்புமின் என்னும் புரதத்தின்மேல் இயல்பாகவே பிடிப்பு அதிகம். தனிப் பசை எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒரே துகள் கதிரையும் வீசுகிறது, ஒளியையும் வீசுகிறது. முந்திய நாள் படத்தில் தெரிந்த அதே முடிச்சுதான் மறுநாள் அறுவை மேசையிலும் ஒளிரும். ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் காணக்கூடிய இத்தகைய பொருள்களைப் பன்முறைத் தடங்காட்டிகள் எனலாம். சாயத்தையும் கதிரையும் ஒரே வாகனத்தில் ஏற்றுவது சிறிய வேலை போலத் தோன்றலாம். அறுவை மேசையில் நிற்பவருக்கு அது பெரிய வேறுபாடு.

மூன்றாவது சைகை காந்தம். இரும்பு ஆக்சைடுத் துகள்களைத் தயாரிப்பதில் மீண்டும் நமக்குப் பழக்கமான அம்மோனியா வருகிறது. இரும்பு(II), இரும்பு(III) ஆகியவற்றின் உப்புகளை 1:2 என்ற விகிதத்தில் கரைத்து, ஆக்சிஜன் புகாமல் அம்மோனியாவைச் சேர்த்தால் கருநிறத் துகள்கள் தோன்றும். 1981இல் பிரான்சில் ரெனே மசார் இம்முறையை வெளியிட்டார். துகள்கள் 20 நானோ மீட்டருக்கும் குறைவாக இருந்தால் அவற்றின் இயல்பு மாறுகிறது. காந்தத்தை அருகில் கொண்டுவந்தால் தாமும் காந்தமாகும். விலக்கினால் காந்தத்தன்மை முற்றிலும் நீங்கும். ஆகவே, அவை ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாவதில்லை. டெக்ஸ்ட்ரான் உறை போட்டால் உடலுக்கும் ஏற்றதாகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் இத்துகள்கள் சேர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. இரத்தத்தின் வழியே செலுத்தும்போது, நலமான முடிச்சில் விழுங்கணுக்கள் இத்துகள்களை விழுங்குவதால் அது கறுக்கும். புற்றுநோய் பரவிய இடத்தில் விழுங்கணுக்கள் இல்லை. அது வெளிறியே இருக்கும். பாஸ்டன் நகரில் முகேஷ் ஹரிசிங்கானியும் உடன் பணியாற்றியோரும் விந்துச் சுரப்பிப் புற்றுநோய் கொண்ட 80 பேரிடம் இதைச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான படத்தில் பருமன் மாறாமல் இயல்பாகத் தோன்றிய முடிச்சுகளுக்குள் ஒளிந்திருந்த நோயை இது காட்டியது.

இரும்புத் துகளோடு கதிரியக்கத்தையும் சேர்த்தால் எம்.ஆர்.ஐ. படமும் காமா படமும் ஒரே துகளிலிருந்து கிடைக்கும். 2011இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இதற்கு எலும்பு நோய் மருந்தின் உதவியை நாடினார்கள். எலும்பில் ஒட்டிக்கொள்ளும் பிஸ்பாஸ்போனேட்டு என்னும் அம்மருந்து, உலோக ஆக்சைடிலும் இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் மறுமுனையில் டெக்னீசியத்தைக் கட்டி, இரும்புத் துகளின் மேல் ஒட்டவைத்து, எலிகளின் முழங்கால் முடிச்சுகளைப் படமெடுத்தார்கள். 2014இல் நியூயார்க்கில் மற்றொரு குழு, 78 மணி நேர அரை ஆயுள் கொண்ட சிர்க்கோனியம்-89ஐ இரும்புத் துகளில் ஏற்றி, ஆழத்தில் உள்ள முடிச்சுகளை விலங்குகளில் கண்டது. இவை ஆய்வுக்கூட வெற்றிகள். எலியின் முடிச்சிலிருந்து மனிதரின் முடிச்சுக்குச் செல்லும் வழி நீண்டது. இடையில் நஞ்சுச் சோதனை, கிருமிச் சோதனை, விலை எனப் பல வாயில்கள் இருக்கின்றன.

விலையும் தொலைவும் நம் நாட்டுக்கும் பொருந்தும் கேள்விகள். டெக்னீசியம் ஊறும் கலன் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. அணு மருத்துவத் துறை உள்ள இடத்தில்தான் இருக்கும். வடக்கில் பினாங்கு மருத்துவமனையில் அத்துறை உள்ளது. தடங்காட்டி நோயாளியைத் தேடி வராது. அவர்தான் சுங்கைப் பட்டாணி வழியாகத் தெற்கே போய், பாலத்தைக் கடந்து செல்லவேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். மாலிப்டினத்தைத் தரும் அணு உலைகளோ உலகிலேயே சிலதான். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி நின்றபோது, ஓராண்டுக்கு மேலாக உலகெங்கும் டெக்னீசியத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

இதனால்தான் கதிரியக்கம் இல்லாத தடங்காட்டிகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இரும்புத் துகளை மார்பகத்தில் செலுத்தி, காந்தத்தை உணரும் கைக்கருவியால் முடிச்சைத் தேடும் முறைக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அணு மருத்துவத் துறை இல்லாத மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். தோலில் பழுப்புக் கறை சில காலம் தங்குவதும், தேடும்போது உலோகக் கருவிகளைத் தள்ளி வைக்கவேண்டியிருப்பதும் இதன் குறைகள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மருத்துவர்களோ இன்னும் எளிய வழியில் முயன்றார்கள். கண் மருத்துவத்தில் பயன்படும் ஃப்ளோரசின் சாயத்தையும் மெத்திலின் நீலத்தையும் சேர்த்துச் செலுத்தி, விலை குறைந்த நீல எல்.இ.டி. விளக்கொளியில் முடிச்சைத் தேடினார்கள். இதுவும் இரு சைகைகளை இணைப்பதுதான்; பெரிய இயந்திரம் மட்டும் இல்லை. புதிய நானோ துகளைப் பற்றிப் படிக்கும்போது ஏற்படும் வியப்பைவிட, இந்த எல்.இ.டி. விளக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சற்றுக் கூடுதல்.

நெத்திலி காயவைக்கும் அந்தப் பெண்மணியிடம் மீண்டும் வருவோம். அவருக்குக் கதிரும் ஒளியும் சேர்ந்த தடங்காட்டி கிடைக்கிறது என்று கொள்வோம். பிற்பகல் 2 மணிக்கு ஊசி போடுகிறார்கள். அன்றே எடுத்த படத்தில் அக்குளின் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளியும் அதற்குச் சற்று மேலே மங்கலாக இன்னொன்றும் தெரிகின்றன. தோலின்மேல் மையால் குறியிடுகிறார்கள். மறுநாள் காலை 8 மணிக்குள் 18 மணி நேரம், அதாவது மூன்று அரை ஆயுள் கடந்துவிடுகிறது. கதிரியக்கம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருந்தாலும் கருவிக்கு அது போதும். ஒலி கூடும் இடத்தில் சிறிதாகக் கீறுகிறார் மருத்துவர். திரையில் ஒளிர்வதைப் பார்த்து அந்த முடிச்சையும் அதன் துணையையும் மட்டும் எடுக்கிறார். நோய்க்குறியியல் நிபுணர் அவற்றை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார். அவற்றில் நோய் இருந்தால் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வார்கள். இல்லையென்றால் மற்ற முடிச்சுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஊசிக்குழலை உடனே குப்பையில் போடமாட்டார்கள். தேதியும் நேரமும் எழுதி ஈயப் பெட்டிக்குள் வைப்பார்கள். பத்து அரை ஆயுள், அதாவது 60 மணி நேரம் கழியும்போது அதில் 1024இல் ஒரு பங்கு கதிரியக்கமே மிஞ்சியிருக்கும். அளவுகருவியால் சோதித்துப் பார்த்து, பிற ஊசிக்குழல்களோடு அதையும் சேர்த்துவிடுவார்கள்.